இந்த வார்த்தைக்குத் தலைப்பு எங்கே?

என் அன்புக்குரிய லஸ்கர் அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். "டீச்சரம்மாவுக்குப் புருஷனை லஸ்கர்னு சொல்ல வெட்கம். அதனாலதான் கல்லறைக் கல்லை நிறுத்திட்டாங்க" என்று நம் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். கோயில் வாசலில் பேசுகிறார்கள், ரேஷன் கடை வரிசையிலும் பேசுகிறார்கள். எனக்குக் கண்தான் மங்கியிருக்கிறது, காது நன்றாகவே கேட்கிறது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

நடந்தது அதுவல்ல. உங்கள் கல்லறைக்குக் கருங்கல் பலகை ஒன்று செய்யச் சொல்லியிருந்தோம். தஞ்சாவூர்ப் பட்டறைக்கு நானே போய்ப் பார்த்தேன். உங்கள் பெயருக்குக் கீழே சாக்குக்கட்டியால் "ஓய்வு பெற்ற பாசன அதிகாரி" என்று எழுதி வைத்திருந்தார்கள். நம் மகன் ஜோசப் சென்னையிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பிய வாசகம் அது. "இதை வெட்டாதீர்கள். லஸ்கர் என்று இருக்கவேண்டும்" என்றேன்.

பட்டறைக்காரர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா ஒண்ணு சொல்றீங்க, பையன் ஒண்ணு சொல்றார். கல்லுல வெட்டினா அப்புறம் அழிக்க முடியாதுங்க. வீட்டுல பேசி முடிச்சுட்டு வாங்க." இவ்வளவுதான் நடந்தது. செய்தி தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி நம் ஊருக்கு வந்து இறங்குவதற்குள் பாதி வாக்கியம் எங்கேயோ தவறிவிட்டது. மிச்சம் வந்து சேர்ந்தது: "லஸ்கர் என்ற சொல்லுக்காக டீச்சரம்மா கல்லை நிறுத்திவிட்டார்."

ஊர் முன்னால் பேசியதற்கு ஊர் முன்னாலேயே பதில் சொல்வதுதான் முறை. அதனால் இந்தக் கடிதத்தை நம் பங்குக் கோயிலின் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் மற்றவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கும். 'ஆரம்பிச்சுட்டாய்யா பாடத்தை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

லஸ்கர் என்றால் மதகைப் பார்ப்பவர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் இருந்துகொண்டு, முறை வைத்து ஷட்டரை ஏற்றி இறக்குபவர். கரையோரம் நடந்து எங்கே கசிகிறது, எங்கே எலி வளை என்று பார்த்து வருபவர். முப்பத்தோரு வருடம் நீங்கள் செய்த வேலை. வாய்க்கால் பிரியும் அந்த இடத்துக்கு நம் பக்கத்தில் தலைப்பு என்று பெயர். நமக்குள் இத்தனை வருடம் இருந்த ஒரே சண்டை அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

நான் கான்வென்டில் தங்கிப் படித்தவள். அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவர் திடீரென்று போய்விடவே, டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். "மாப்பிள்ளைக்குக் கவர்ன்மென்ட் வேலை" என்று பங்குச் சாமியார் சொன்னார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கல்யாணமான மறுநாள் தெருக்குழாயடியிலிருந்து ஒரு அம்மாள், "லஸ்கர் வீட்டம்மா, தண்ணிக்கு வரலையா?" என்று குரல் கொடுத்தார். அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

"என் பெயர் பிலோமினா. டீச்சர் என்று கூப்பிடுங்கள்" என்றேன். குடத்தைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னேன். அன்றிலிருந்து ஊருக்கு நான் டீச்சரம்மா. லஸ்கர் வீட்டம்மா என்று அதற்குப் பிறகு ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நீங்கள் அப்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். கேட்டதா உங்களுக்கு? இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னோடு வந்த சாமான்களில் ஒரு ஆங்கில அகராதி இருந்தது. கான்வென்ட் நூலகத்தில் அட்டை பிய்ந்துவிட்டது என்று கழித்துப்போட்டதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தலையணை அளவு இருக்கும். ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்த வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, வருகிற வழியில் அதன் அர்த்தம் எப்படி மாறியது என்று எல்லாம் அதில் உண்டு. அதற்கு ரெக்ஸின் துணியில் அட்டை போட்டுத் தந்தது நீங்கள்தான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டீர்கள். "எங்க எஞ்சினியர் மூச்சுக்கு மூச்சு அனிகட் அனிகட்ங்கறாரே, அது என்ன, இங்கிலீஷ் வார்த்தையா?" நான் அகராதியைப் பிரித்தேன். இருந்தது. "டெரைவ்டு ஃப்ரம் தமிழ். அணைக்கட்டு" என்று வாசித்தேன். நீங்கள் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சிரித்தீர்கள். "நம்ம மாட்டையே ஓட்டிட்டுப் போயி, கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சு நமக்கே விக்கிறானா?"

அதில் தொற்றிக்கொண்டதுதான் நம் விளையாட்டு. கட்டுமரம் கட்டமரனாகி, எங்கோ ஒரு கடலில் பணக்காரர்கள் வெயில் காய்கிற படகாகிவிட்டது. சுருட்டு ஷெரூட் ஆனது. மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி ஆகி, அதற்குள் கறித்துண்டும் விழுந்துவிட்டது. "ரசத்துல கறியா? மாதாவே!" என்று நீங்கள் நிஜமாகவே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டீர்கள். நம் நாரத்தைக்கு உறவான ஏதோ ஒரு சொல், வடக்கே போய், பாரசீகம், அரபு, ஐரோப்பா என்று சுற்றி, போகிற வழியில் முதலெழுத்தைத் தொலைத்து ஆரஞ்சு ஆனது என்று வாசித்தேன். "வழியில எங்கேயோ கசிவு இருந்திருக்கு. லஸ்கர் சரியாப் பாக்கல" என்றீர்கள்.

ஆங்கிலத்துக்காரர்களின் சொந்தச் சொற்களும் லேசுப்பட்டவை அல்ல. நைஸ் என்ற சொல்லுக்கு முதலில் அறிவில்லாதவன் என்று அர்த்தம். அது எப்படியோ படிப்படியாக நல்லவன் ஆகிவிட்டது. இதைச் சொன்னபோது நீங்கள், "இங்க வந்தும் அது சும்மா இருக்கல. மாவு நைஸா இருக்கணும்ங்கறோம். நைசா நழுவிட்டான்ங்கறோம். வந்த இடத்துலயும் புத்தி மாறல பாரு" என்றீர்கள். என் கான்வென்டில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை. ஆனால் அதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

கரையில் வேலை இருக்கும் மாதங்களில் நாம் முகம் பார்த்துப் பேசுவதே குறைவு. நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒரு சொல்லை எழுதி அகராதிக்குள் வைத்துவிட்டுப் போவீர்கள். ஆபீஸில் காதில் விழுந்தது, பஸ்ஸில் பார்த்தது, பூச்சிமருந்து டப்பாவில் இருந்தது. எல்லாம் தமிழ் எழுத்தில்தான். அதற்குக் கீழே எப்போதும் அதே கேள்வி: "இந்த வார்த்தைக்குத் தலைப்பு எங்க?"

நான் சிவப்புப் பென்சிலால் 'தலைப்பு' என்பதை அடித்து, மேலே 'வேர்' என்று எழுதுவேன். கீழே விடை எழுதித் திரும்ப வைப்பேன். அடுத்த தாளிலும் தலைப்பு என்றே இருக்கும்.

"சொல்லுக்கு வேர் என்றுதான் சொல்லவேண்டும். ரூட்" என்பேன்.

"வார்த்தை என்ன முருங்கை மரமா, வேர் விட? அது ஊர் ஊரா ஓடுதுன்னு நீதானே சொல்றே. ஓடுறதுக்குத் தலைப்புதான் இருக்கும், டீச்சரே."

"உலகம் முழுக்க வேர் என்றுதான் சொல்கிறார்கள்."

"உலகம் ஒரு நாள் வந்து எங்க மதகுல நிக்கட்டும்."

ஒரு குறுவைக்குத் தண்ணீர் பற்றாமல் போன வருடம் ரைவல் என்ற சொல்லை எழுதி வைத்தீர்கள். ஜோசப்போ யாரோ கிரிக்கெட் வர்ணனையில் கேட்டதாக நினைவு. அதன் விடையைப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சொல்வதற்காக நான் மதகுக்கே நடந்து வந்தேன். நான் அங்கே வந்தது மொத்தமே நான்கைந்து தடவைதான் இருக்கும். லத்தீனில் ரிவுஸ் என்றால் சிறு ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இரண்டு பேர்தான் முதன்முதல் ரைவல்கள்.

அப்போது உங்கள் முன்னால் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேல்மடைக்காரர், ஒருவர் கடைமடைக்காரர். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். "இருங்கய்யா. டீச்சர் புத்தகத்துல பாத்துட்டு வந்திருக்காங்க. ஒரே வாய்க்கால்ல தண்ணி வாங்குறவனுக்குத்தான் இங்கிலீஷ்ல எதிராளின்னு பேராம். நீங்க ரூல் படிதான் சண்டை போடுறீங்க. போடுங்க, நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்." இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் "டீச்சர் புத்தகத்துல பாத்துட்டு வந்திருக்காங்க" என்று நீங்கள் சொன்ன தொனியை நினைத்துக்கொண்டே வந்தேன். அதில் எவ்வளவு பெருமை இருந்தது! அதே பெருமையோடு நான் ஒருமுறையாவது உங்களைப் பற்றி ஒருவரிடம் சொன்னேனா?

சொல்லவில்லை. இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். ஊர் என்னைப் பற்றி இன்று சொல்வது பொய். ஆனால் ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது.

என் கான்வென்டின் பொன்விழா. ஜோசப் அப்போது எஞ்சினியரிங் கடைசி வருடம். மூவரும் போயிருந்தோம். என்னோடு படித்த கிரேஸ் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் பேங்க் மேனேஜர். "உன் ஹஸ்பண்ட் என்ன பண்றார், பிலோ?" என்று கேட்டாள். ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. "இரிகேஷன் ஆபீஸர்" என்றேன்.

நீங்கள் எனக்குப் பின்னால், இரண்டு கைகளிலும் ஐஸ்கிரீம் கப்போடு நின்றுகொண்டிருந்தீர்கள். கிரேஸ் உங்களிடம் திரும்பி, "எந்த டிவிஷன் சார்?" என்றாள்.

"ஆத்தோரம்தாங்க" என்றீர்கள். ஒரு கப்பை அவளிடம் நீட்டினீர்கள். அது எனக்காக வாங்கியது.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம். கண்டியூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பிச் சாதாரணமாகக் கேட்டீர்கள்: "ஆபீஸர்ங்கற வார்த்தைக்குத் தலைப்பு எங்க, டீச்சரே?"

எனக்கு விடை தெரியும். தெரிந்த விடையைச் சொல்லாமலிருக்க எனக்கு வராது. "லத்தீன். ஓபஸ் என்றால் வேலை. வேலை செய்வது என்பதிலிருந்து வந்தது" என்றேன்.

"அப்ப வேலை செய்யறவன்தானே? சரிதான் போ" என்று சொல்லிவிட்டு, தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிவிட்டீர்கள். தூங்கினீர்களா, கண்ணை மூடிக்கொண்டீர்களா? தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அதை என் அகராதியிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். நானும் அந்த வழியாக வெளியே வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் லஸ்கர் என்ற சொல்லைத் தேடினேன். அத்தனை வருடத்தில் அதைத் தேடியதே இல்லை. பாரசீகத்தில் அது ஒரு பெரும் படையின் பெயர். போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து, ஆங்கிலக் கப்பல்களில் நம் நாட்டு மாலுமிகளுக்குப் பெயராகி, பீரங்கி இழுப்பவர், கூடாரம் அடிப்பவர் என்று இறங்கி, கடைசியில் நம் மதகுக்கு வந்து நின்றிருக்கிறது. மறுநாள் காபியோடு இதைச் சொன்னேன். பரிசு கொடுப்பதுபோல் சொன்னேன்.

"பட்டாளத்துல இருந்து ஒவ்வொரு படியா இறங்கி இங்க வந்துட்டானா?" என்று கேட்டீர்கள். பிறகு, "பரவாயில்ல. இங்கதான் தண்ணி இருக்கு" என்றீர்கள். காபியை ஆற்றிக் குடித்துவிட்டுக் கரைக்குப் போய்விட்டீர்கள்.

நான் கொடுத்திருக்கவேண்டியது மன்னிப்பு. கொடுத்தது ஒரு சொல்வரலாறு. இரண்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மேட்டூர் அணையை மூடிய வாரத்தில் நீங்கள் போனீர்கள். ஆற்றில் மணல் தெரிய ஆரம்பித்த நாட்கள். அதற்குப் பிறகு பென்ஷனுக்காகப் பாரம் மேல் பாரமாக எழுதிக் கொடுத்தேன். ஹஸ்பண்ட் பெயர் என்று ஒரு கட்டம். அந்தச் சொல்லுக்கு வீட்டில் குடியிருப்பவன் என்று பழைய அர்த்தம். வருடத்தில் பாதி நாள் கரையிலேயே இருந்த உங்களுக்கு இந்தப் பெயரா என்று சிரிப்பு வந்தது. சிரித்தால் பகிர்ந்துகொள்ள நீங்கள் இல்லை. அடுத்த கட்டத்தில் விடோ என்று அச்சடித்திருந்தது. அதுவும் நம் விதவையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. இரண்டுக்கும் ஆதியில் பிரிவது என்பதுதான் பொருள் என்கிறார்கள். இத்தனை தூரம் பயணம் செய்தும், இத்தனை மொழிகள் புகுந்து புறப்பட்டும், அந்த ஒரு சொல் மட்டும் தன் அர்த்தத்தை எங்கேயும் தொலைக்கவில்லை பார்த்தீர்களா?

அதற்குப் பிறகு அகராதியைத் திறக்கவே இல்லை. மேலே ஒரு துணி போட்டு மூடிவைத்துவிட்டேன்.

ஆனி மாதம் தண்ணீர் வந்தது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் முருகையன் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, "டீச்சரம்மா, தண்ணி நம்ம தலைப்புக்கு வந்துடுச்சு. முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு சார் சொல்லுவார், அதான்" என்றார். நுரையும் சருகுமாக வருகிறதாம். வெங்காயத்தாமரையைத் தள்ளி மாளவில்லையாம். ஷட்டருக்குப் புதிதாகப் பல்சக்கரம் போட்டிருக்கிறார்கள். "சார் இருந்தா இதைப் பாத்துட்டு ஒரு மணி நேரம் குறை சொல்லியிருப்பார்" என்றார். மோர் கொடுத்து அனுப்பினேன்.

அவர் போன பிறகு தலைப்பு என்ற சொல் வீட்டுக்குள்ளேயே நின்றது. அகராதியின் மேலிருந்த துணியை எடுத்தேன். பிரித்தால் உள்ளே ஒரு நாள்காட்டித் தாள். நான் பார்க்காதது. தேதியைப் பார்த்தேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைய தாள். ஆட்டோ வந்து நிற்கும்போது உள்ளே ஏதோ மறந்துவிட்டது என்று திரும்பிப் போனீர்களே, அது இதற்குத்தானா?

உங்கள் கையெழுத்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. "டிரைவ்டு. டீச்சர் தினமும் சொல்றது. லாரி டிரைவருக்குச் சொந்தமா? இந்த வார்த்தைக்குத் தலைப்பு எங்க? எழுதி வை. வந்து பாக்குறேன்."

டெரைவ்டு ஃப்ரம், டெரைவ்டு ஃப்ரம் என்று அத்தனை வருடம் உங்கள் காதுபட வாசித்தவள் நான். அந்த டெரைவ்டு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் கூப்பிட்டுவிட்டு, தன் பெயரை மறந்த டீச்சர் மாதிரி. பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன்.

லாரி டிரைவருக்கு உறவில்லை. தமிழில் எழுதினால் ஒன்றுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். லத்தீன் சொல். உள்ளே உட்கார்ந்திருப்பது அதே ரிவுஸ். அன்று மதகில் நின்று நான் பெருமையாகச் சொன்னேனே, ரைவல், அதே வாய்க்கால். டெரைவ் என்றால், ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பிரித்துக் கொண்டுபோவது. அதுதான் அதன் முதல் அர்த்தம். சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு அதைப் பயன்படுத்தியது பிறகு வந்த பழக்கம்.

ஏங்க, அவர்களும் தலைப்பு எங்கே என்றுதான் கேட்டிருக்கிறார்கள். உலகம் உங்கள் மதகில் வந்து நின்றிருக்கிறது. நான்தான் சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு, சரியாக எழுதியவருக்குத் தவறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று உங்கள் பழைய தாள்களையெல்லாம் எடுத்தேன். பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. என் சிவப்புக் கோடுகளை ரப்பரால் அழிக்கப் பார்த்தேன். சிவப்புப் பென்சில் அழியவில்லை, ஈஷிக்கொண்டது. ஒவ்வொன்றிலும் 'வேர்' என்பதை அடித்து, 'தலைப்பு. சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் முடிக்க நான்கு நாள் ஆயிற்று. கழுத்து வலிக்கிறது என்று சொன்னால் தைலம் எடுத்து வர ஆளில்லை.

இதற்குப் பிறகுதான் தஞ்சாவூர்ப் பட்டறையில் சாக்குக்கட்டியால் எழுதிய அந்த அதிகாரியைப் பார்த்தேன். அன்று மாலையே ஜோசப்பைக் கூப்பிட்டேன்.

"லஸ்கர்னா இப்ப யாருக்கும்மா புரியும்? ஆபீஸர்னு இருந்தா மரியாதையா இருக்கும்ல."

"உன் அப்பா ஆபீஸர் இல்லை."

"அன்னைக்கு கிரேஸ் ஆன்ட்டிகிட்ட நீங்கதானே சொன்னீங்க? நான் பக்கத்துல நின்னேன். அப்பாவுக்கும் கேட்டுச்சு. நீங்க மாத்திச் சொல்லல. நான் உங்ககிட்டதான்மா கத்துக்கிட்டேன்."

அவனே தொடர்ந்து, "பொண்ணு பாக்கப் போனப்பவும் ஆபீஸர்னுதான் சொன்னோம். கல்லறைத் திருநாளுக்கு அவங்க வீட்டுலேர்ந்து எல்லாரும் வர்றாங்க. கல்லுல லஸ்கர்னு இருந்தா நான் என்னன்னு சொல்றது? பொய் சொல்லிப் பொண்ணு எடுத்தேன்னு ஆகாதா?" என்றான்.

உண்மைதான். பெண் வீட்டுக் கூடத்தில் அவன் அப்படிச் சொன்னபோது நான் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பையன் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டால், அந்தக் கூச்சம் எங்கிருந்து கிளம்பியது என்று கேட்கவேண்டுமல்லவா? அந்தப் பொய்க்குத் தலைப்பு நான்தான். கடைமடையில் நின்று அவனைத் திட்டி என்ன பயன்? ஷட்டரைத் தலைப்பில்தானே இறக்கவேண்டும்?

பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் சின்ன வயசுக்காரர், எல்லோருக்கும் நல்லவராக இருக்கவேண்டும் அவருக்கு. "கல்லுல என்ன எழுதறதுன்னு நீங்களும் உங்க மகனும் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்துடுங்கம்மா. அப்புறம் யாரும் என்கிட்ட பஞ்சாயத்துக்கு வரக்கூடாது" என்றார். நான் அங்கேயே என் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜோசப்பின் தாள்தான் பாக்கி. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

ஊரில் சொல்வார்கள், கிழவிக்கு வீம்பு என்று. வீம்புதான். கிரேஸுக்கும் கடிதம் எழுதிவிட்டேன். அவள் கணவரும் போய்விட்டார், திருச்சியில் மகளோடு இருக்கிறாள். "என் கணவர் லஸ்கர். அன்று உன்னிடம் பொய் சொன்னேன். நீ சாப்பிட்டது என்னுடைய ஐஸ்கிரீம்" என்று எழுதினேன். பதில் போட்டிருந்தாள். "அன்றைக்கே தெரியும், பிலோ. அவர் காலில் சேறு காய்ந்திருந்தது. எங்கள் அப்பாவும் மதகு பார்த்தவர்தான். நான் யாரிடமும் சொன்னதில்லை." அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

இப்போது உங்களுக்கு வாக்கு ஒன்று கொடுக்கிறேன். இந்த இதழின் ஒரு பிரதியைச் சம்பந்தி வீட்டுக்கு நானே, என் கையால் விலாசம் எழுதி அனுப்புவேன். பொய் அவர்கள் மருமகனுடையது அல்ல, அவன் அம்மாவுடையது என்று அவர்களுக்குத் தெரியட்டும். ஜோசப் சம்மதித்தால் உங்கள் கல்லில் லஸ்கர் என்று இருக்கும். சம்மதிக்காவிட்டால் உங்கள் பெயரும் சிலுவையும் மட்டும் இருக்கும். அதிகாரி என்று இருக்காது. என் உயிர் உள்ளவரை நான் உங்களை வேறெந்தப் பெயராலும் இன்னொருவரிடம் சொல்லமாட்டேன்.

எழுதி வை என்றீர்கள். எழுதிவிட்டேன். டெரைவ்டு: தலைப்பிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தது. விடையை உங்கள் தாளின் கீழேயே எழுதி, அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். வந்து பார்க்கிறேன் என்று சொன்னதை மட்டும் நான் அடிக்கவில்லை, திருத்தவும் இல்லை.

நேற்றுக் காலை குழாயடியில் ஒரு புது மருமகள் என் குடத்தைத் தூக்கிக் கொடுத்தாள். "பாட்டி, நீங்க யார் வீடு?" என்று கேட்டாள். நாற்பத்தெட்டு வருடம் கழித்து அந்தப் பெயரை நானே என் வாயால் சொன்னேன்.

உங்கள் மனைவி,
லஸ்கர் வீட்டம்மா

பி.கு. ஜோசப், இதை நீயும் படிப்பாய். நான் உன்மேல் சுமத்தியதை இங்கே எல்லோர் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொண்டேன். இனி முடிவு உன்னுடையது. போனில் வேண்டாம், அழுதுவிடுவோம். சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும், ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் பதில் அனுப்பு.